நடுகல்லின் முன் ஒரு மாலை

வெளிநாட்டில் வாழும் நண்பர் ஒருவர், தமது நகரத்துக் கலைக்கூடத்தில் நடந்த மாலை நிகழ்வு ஒன்றுக்குச் சென்றுவந்ததை அண்மையில் எங்களிடம் விவரித்தார். அன்று மட்டும் கூடத்தின் கதவுகளை இரவுவரை திறந்து வைத்திருந்தார்களாம். ஓவியர் தம் படங்களுக்கு நடுவே நிற்க, வந்தவர்கள் கையில் மதுக்கிண்ணத்தோடு அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்களாம். பேச்சு முடிந்த பிறகும் யாரும் உடனே கலைந்துவிடவில்லை என்றார். 'நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் இப்படியொன்றை எண்ணிப் பார்க்க முடியுமா?' என்று அவர் கேட்டபோது நாங்கள் சிரித்துவிட்டோம். எங்களில் சிலருக்கு அதுவே சொந்த மண். எண்ணிப் பார்ப்பதென்ன, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அம்மண்ணில் அது நடந்திருக்கிறது, பாடியும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடல்களைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் அருங்காட்சியகம் என்ற நிறுவனத்தைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வழங்கும் பெயர், கலைத்தெய்வங்களின் இருப்பிடம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தாலமி மன்னர்கள் அமைத்த 'மூசேயோன்' அதன் மூதாதை. அவ்விடத்தை வருணிக்கும் புவியியலாளர் ஸ்திராபோ, உலாவும் நடைகூடத்தையும், அமர்ந்து பேசும் மண்டபத்தையும், அறிஞர்கள் ஒன்றாக உண்ணும் உணவுக்கூடம் அமைந்த ஒரு பெரிய வீட்டையும் குறிப்பிடுகிறார். அவ்வருணனையில் காட்சிப்பொருள் எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்த மூசேயோன் பேச்சும் பந்தியும் நிறைந்த இடமாக இருந்திருக்கிறது. பொருள்களைச் சேர்த்து வைத்துப் பூட்டும் வழக்கம் பின்னால் வந்தது.

அதற்கும் முன்பு, பிளேட்டோ எழுதிய புகழ்பெற்ற விருந்து இருக்கிறது. அகத்தோன் என்ற இளம் நாடகாசிரியர் பரிசு பெற்றதைக் கொண்டாட நண்பர்கள் கூடுகிறார்கள். முந்தைய நாள் குடித்த களைப்பு இருப்பதால் அன்று அளவாகக் குடிப்பது என்று முடிவாகிறது. அடுத்து அவர்கள் செய்யும் காரியம் குழலூதும் பெண்ணை வெளியே அனுப்பிவிடுவது. அவள் தனக்குத்தானே வாசித்துக்கொள்ளட்டும், நாம் பேசுவோம் என்கிறார்கள். பேச்சு தொடங்க இசை வெளியேற வேண்டியிருக்கிறது. நம் சமவெளியின் மாலைகள் இதிலிருந்து மாறுபட்டவை. இங்கே குழலும் யாழும் உள்ளே இருந்தன. விறலியும் பாணரும் விருந்தின் நடுவே இருந்தார்கள்.

*

நாமக்கல்லில் நின்று பார்த்தால் கிழக்கே நீலமாகத் தெரிவது கொல்லிமலை. அதை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 152, 153 என அடுத்தடுத்து உள்ளன. இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

முதற்பாட்டில் ஒரு வேடன் வருகிறான். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவிச் சென்று, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. வழியில் இதைக் காணும் கலைஞர் கூட்டத்துக்கு ஐயம். மார்பில் சந்தனமும் முத்தாரமும் அணிந்த இவன் ஊன் விற்றுப் பிழைப்பவனாகத் தெரியவில்லையே, ஓரிதானோ? கூட்டத்தின் தலைவன் முழவுக்கு மண் பூசவும், யாழைப் பண்ணில் நிறுத்தவும், பிற கருவிகளை இசைக்கவும் சொல்லி, விறலியை விளித்துப் பாடத் தொடங்குகிறான். துறையெல்லாம் முறையாகப் பாடி முடித்து, தலைவனைக் குறிக்கும் சொல்லை அவர்கள் உச்சரித்ததும், அது தன் பெயராக இருப்பதால் அவன் நாணுகிறான். அவர்கள் தம் தேவையை வாய்திறந்து சொல்வதற்குள், தான் வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியையும், உருக்கிய நெய் போன்ற மதுவையும், மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டு வழியிலேயே கொடுத்துவிடுகிறான்.

இங்கே அரண்மனை இல்லை, மேடை இல்லை. கலையைக் கேட்டவன் முதலில் வெட்கப்படுகிறான், பிறகு மது வார்க்கிறான். புரவலனின் நாணத்தை ஒரு புலவர் குறித்து வைத்திருப்பது அரிதான செய்தி என்று நாங்கள் கருதுகிறோம். வள்ளல்களின் பெருமிதத்தைப் பாடிய பாட்டுகள் ஏராளம்.

அடுத்த பாட்டில் காட்சி மாறுகிறது. ஓரியிடம் போன கூத்தர் குடும்பம், குளத்தில் பூக்காத, மணிகள் இழைத்த குவளை மலர்களைப் பரிசாகப் பெற்றது. வேறு அணிகலன்களும் யானைகளும் கிடைத்தன. பசி தீர்ந்தது. தீர்ந்த பிறகு நடந்ததுதான் சிக்கல். வாத்தியங்கள் முழங்கினாலும் அவர்களுக்கு ஆட மனம் வரவில்லை, பாடுவதையும் மறந்துவிட்டார்கள். பாராட்டாகவே இது சொல்லப்படுகிறது. ஆயினும் அப்பாராட்டுக்குள் ஒரு முள் இருப்பதை இலக்கிய வாசகர்கள் உணராமல் இருக்க முடியாது. கொடை மிகுந்து கலை மௌனமாகிவிடுமோ என்ற கேள்வி, ஓவியச் சந்தையும் அறக்கட்டளைகளும் நிறைந்த இந்நூற்றாண்டிலும் பழையதாகிவிடவில்லை.

*

கொல்லிக்கு வடக்கே தகடூர். இன்றைய தருமபுரி. 1965வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. தகடூரின் அதியமான் நெடுமான் அஞ்சி வெறும் இலக்கியக் கற்பனை அல்லன் என்பதற்கு 1981இல் தென்பெண்ணைக் கரையின் ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு சான்றாயிற்று. அவன் துறவியர் தங்கக் குகை அமைத்துக் கொடுத்ததை அது சொல்கிறது. அசோகனின் சாசனங்களில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் புதிருக்கும் அதில் விடை கிடைத்தது. இக்குடியின் பெயர் தெற்கே நாமக்கல் பாறையிலும் இருக்கிறது. அரங்கநாதர் குடைவரையின் கிரந்தக் கல்வெட்டு, அதியர் குலத்துக் குணசீலன் எடுத்த விண்ணகரம் என்று அதைக் குறிக்கிறது. இந்தச் சமவெளியின் மிகச் சிறந்த சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன.

அதியமானின் தோழி ஔவையார். அவர் ஒரு முறை தூதாகத் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாடல் அப்போது பிறந்தது. இங்குள்ள ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவலுள்ள பெரிய வீட்டில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வது போல் இகழ்ந்ததற்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் நாம் இதைப் படித்திருக்கிறோம்.

இதை வேறு விதமாகவும் வாசிக்கலாம். தமிழில் ஒரு காட்சிக்கூடத்துக்குப் போய்வந்த முதல் பார்வையாளரின் குறிப்பு இது. பொருள்கள் துலக்கப்பட்டுள்ளன, வரிசையாக உள்ளன, காவல் இருக்கிறது. புழங்காத பொருளின் அழகு ஔவைக்கு ஐயத்தைத் தருகிறது. மேலும் அப்பாட்டு ஆயுதங்களோடு முடிவதில்லை. இருந்தால் பிறருக்கு உணவளித்து, இல்லாதபோது இருப்பதை அவர்களோடு சேர்ந்து உண்பவன் எங்கள் தலைவன் என்று முடிகிறது. ஆயுதக் கொட்டிலைப் பற்றிய பாட்டுக்குள் பந்தி எதற்காக வர வேண்டும்? பொருள் புழக்கத்தில் இருப்பதற்கும் மனிதர்கள் ஒன்றாக உண்பதற்கும் தொடர்பிருப்பதாக ஔவை கருதியிருக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தோன்றும் விடை.

அதியமான் போரில் இறந்த பிறகு அவர் பாடிய கையறுநிலைப் பாட்டு (235) இந்தப் பந்தியையே நினைத்து அழுகிறது. கள் குறைவாகக் கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து அருந்துவான். சோற்றிலும் அப்படியே. புலால் நாறும் எங்கள் தலையை நரந்தம் மணக்கும் கையால் தடவுவான். அவன் மார்பில் பாய்ந்த வேல், பாணரின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவரின் கைகளை ஊடுருவி, புலவரின் நாவில் போய்த் தைத்தது. கள்ளைப் பற்றிய கணக்கு ஒன்றை ஓர் அரசனின் முழு வரலாறாக ஔவை ஆக்கிவிடுகிறார். போர்வெற்றிகளை அவர் முதலில் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. குறைவாக இருக்கும்போது யாருக்கு, நிறைவாக இருக்கும்போது எப்படி என்பதே அவருடைய அளவுகோல்.

இதற்குச் சற்று முன்னால் 232ஆம் பாட்டு உள்ளது. காலையும் மாலையும் இனி இல்லாமல் போகட்டும் என்று தொடங்குகிறது. அதியமானுக்கு நடுகல் நட்டு, மயில்பீலி சூட்டி, நாரால் வடிகட்டிய கள்ளைச் சிறு கலத்தில் வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளை ஏற்பானோ என்று ஔவை கேட்கிறார்.

இரண்டு பாடல்களிலும் வரும் மயில்பீலியை நாங்கள் முன்பு கவனித்ததில்லை. தொண்டைமானின் கொட்டிலில் எந்தப் பீலியைக் கண்டு ஔவை நகைத்தாரோ, அந்தப் பீலி இப்போது அவருடைய தோழன்மீதே சூட்டப்பட்டிருக்கிறது. பட்டறையில் முனை முறிந்து கிடந்த வேலுக்கு உரியவன், அலங்கரித்து நிறுத்தப்பட்ட கல்லாகிவிட்டான். அவனும் ஒரு காட்சிப்பொருள் ஆகிவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சிறு கலம் ஒன்றுதான். அவன் கொள்வானோ என்று ஐயப்பட்டாலும், வார்க்க வேண்டாம் என்று ஔவை சொல்லவில்லை.

*

நடுகல் என்பது நட்டுவிட்டு வந்துவிடும் பொருளாக இருந்ததில்லை. தக்க கல்லைக் காண்பது முதல் அதை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. நீராட்டுவதும் படையலிடுவதும் அவற்றில் அடங்கும். அகநானூற்றின் 35ஆம் பாடலில் நடுகல்லுக்குப் பீலி சூட்டித் துடி முழக்கி, அரிசியிலிருந்து வடித்த தோப்பிக் கள்ளோடு ஆட்டுக்கிடாயைப் பலியிடுகிறார்கள். சிற்பம், இசை, மது, கூடி நிற்கும் ஊர் ஆகியன அனைத்தும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

செங்கம் பகுதி நடுகற்களைப் பற்றித் தொல்லியலறிஞர் இரா. நாகசாமி 1972இல் நூல் வெளியிட்ட பிறகு, தொண்டை நாட்டின் மேற்குப் பகுதியிலும் தகடூர் நாட்டிலும் இவை எவ்வளவு செறிந்துள்ளன என்பது பரவலாகத் தெரியவந்தது. அவற்றில் பலவும் வட்டெழுத்தில் பேசுகின்றன. இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊரில், கால்நடை கவர வந்தவர்களோடு பொருது, நிரை மீட்டு இறந்தவன் இன்னான் என்பதே பெரும்பாலும் செய்தி. அரசர்கள் அங்கே ஆண்டைக் குறிக்கும் அடையாளமாக மட்டும் வர, கதைத்தலைவனாக ஒரு சிற்றூர்க்காரன் நிற்கிறான். சில கற்களில் வீரனின் காலருகே சிமிழும் கெண்டியும் செதுக்கப்பட்டுள்ளன. கெண்டியைக் கள்ளுக்கலம் என்று கொள்பவர்கள் உண்டு. அப்படியாயின், வார்ப்பவர் யாரும் இல்லாத காலம் ஒன்று வரக்கூடும் என்று அந்தச் சிற்பி முன்னரே எண்ணினானோ என்று நமக்குத் தோன்றுகிறது.

அக்காலம் வந்தும்விட்டது. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலும், சேலம் அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அவை அங்கே வந்திராவிட்டால் எத்தனையோ கற்கள் சாலைக்குச் சல்லியாகவும் துணி துவைக்கும் பலகையாகவும் போயிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எனினும் அவ்வரிசையின் முன் நிற்கும்போது தொண்டைமானின் கொட்டில் நினைவுக்கு வராமல் போவதில்லை. கற்கள் தூய்மையாக உள்ளன. துடி இல்லை, கலம் இல்லை, ஊர் இல்லை.

எதிர்ப்புறமும் ஒன்றுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஆண்டாண்டாகப் படிந்து அங்கே எழுத்து மறைகிறது. வாசிக்க விரும்பும் ஆய்வாளருக்குக் கல் துலங்க வேண்டும். கும்பிட வருபவருக்குக் கல் நனைய வேண்டும். ஒருவர் இறந்தவனின் பெயரைக் காக்கிறார், மற்றவர் அவனுக்கு உணவளிக்கிறார். பெயரைக் காத்தவரிடம் பந்தி இல்லை. பந்தியைக் காத்தவரிடம் பெயர் இல்லை. இந்தப் பிளவுதான் எங்களைத் துன்புறுத்துகிறது.

*

கலத்தின் கதையையும் சொல்லி முடிக்க வேண்டும். ஔவை பாடிய கள் பகிரப்பட்ட பொருள். பிரிட்டிஷ் ஆட்சியில் அது அரசின் வருவாய் ஆயிற்று. கள்ளுக்கடைகள் ஏலத்துக்கு விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் கூடியவரை விற்றாக வேண்டும், கூலிக்காரன் கூடியவரை குடித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி, சுற்றுப்புறச் சிற்றூர்களில் கண்டது இதைத்தான். 1929இல் அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழ் வெளிவந்தது. அதன் பணிகளில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. தமிழின் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர் ஒருவரின் எழுத்துப் பயிற்சியில் ஒரு பகுதி, இந்தச் சமவெளியில், கள்ளுக்கு எதிராக நடந்திருக்கிறது என்பது வரலாற்றின் சுவையான திருப்பம்.

1937இல் முதலமைச்சரான ராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த இடம் அன்றைய சேலம் மாவட்டம். ஓரியின் கொல்லியும் அதியனின் தகடூரும் அதற்குள் அடங்கியிருந்தன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பின்னர் மதுவிலக்கு தளர்ந்தும் இறுகியும் பலமுறை மாறியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. அரசுக் கடைகளில் புட்டிகள் மட்டும் விற்கப்படுகின்றன. ஆக, ஔவையின் கலத்தை இன்று சட்டப்படி நிரப்ப வழியில்லை.

ராஜாஜியைக் குறைகூற நாங்கள் இதைச் சொல்லவில்லை. அவர் மூடியது ஏலக்கடையை. அதியனின் பந்தி அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கலைந்துவிட்டது. குறைவாக இருந்தால் உனக்கு, நிறைவாக இருந்தால் நம்மிருவருக்கும் என்ற கணக்கு எந்த ஏலக்கடையிலும் செல்லுபடியாகாது. புட்டிக்கடையிலும் அப்படியே.

இந்த மண்ணிலிருந்து வந்த ஓவியர் ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1888இல் மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர் என்று நாடறிவதற்கு முன் உருவப்படம் தீட்டி வாழ்ந்தவர். 1949இல் அரசவைக் கவிஞரானார். கவிஞராகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். தூரிகை பிடித்தவராக அவரைப் பற்றிப் பேச நாம் ஒரு மாலையை ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

நண்பருக்கு எழுதிய மறுமொழியில் நாங்கள் இவ்வளவையும் எழுதவில்லை. ஓர் ஆசையை மட்டும் தெரிவித்தோம். சேலத்திலோ தருமபுரியிலோ ஏதேனும் ஒரு மாலையில் அந்த நடுகற்களின் முன் ஐம்பது பேர் கூட வேண்டும். கல்லில் உள்ள எழுத்தைத் தெரிந்த ஒருவர் வாசித்து, அந்தச் சிற்றூர்க்காரனின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அந்த ஊரிலிருந்தே சிலர் வந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பறையடிக்கட்டும். இன்று கல் செதுக்கும் ஒருவர் அந்தக் கெண்டி எப்படிச் செதுக்கப்பட்டது என்று தொட்டுக் காட்டட்டும். கள்ளுக்குத் தடை இருந்தாலும் பதநீருக்குத் தடையில்லை. அதைச் சிறு கலத்தில் எடுத்து முதலில் கல்லின் முன் வைத்துவிட்டு, பிறகு எல்லோரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். அவன் கொள்வானோ மாட்டானோ, ஔவைக்கே அது தெரியவில்லை. நாமும் கேட்டுப் பார்க்கலாம்.